சந்திரிகா அக்காவின் காலி ஓட்டம்

“பேட்டரி ஆட்டோவுக்குக் கரண்ட் எங்கேர்ந்து பாப்பா வருது?” என்று சந்திரிகா அக்கா கேட்டபோதுதான் அதை முதல்முறையாக யோசித்தேன்.

மாடம்பாக்கத்தில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளை ஆறு வருடமாகப் பள்ளிக்கு அழைத்துப் போவது அவருடைய கேஸ் ஆட்டோதான். ப்ளஸ் டூ முடிக்கும்வரை நானும் அதில்தான் போனேன். ஏப்ரலில் நடந்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், ஜூன் முதல் பேட்டரி ஆட்டோ வைக்கலாமா என்று பேச்சு வந்தது. சும்மா இருக்க முடியாமல் எழுந்து, “அதுல எமிஷன் ஜீரோ அங்கிள், புகையே வராது” என்றேன். கை தட்டி, பேட்டரி ஆட்டோதான் என்று முடிவு செய்தார்கள். அக்காவின் வீடு ஓடுவதே அந்தச் சவாரியில்தான். அது அன்றே கைவிட்டுப் போனது.

மறுநாள் கேட்டருகே பார்த்தபோது அவர் கோபப்படவில்லை. அந்தக் கேள்வியை மட்டும் கேட்டார். நான் விழித்ததும், “இன்னா பாப்பா, சயின்ஸ் குரூப்புன்னு சொன்ன” என்று சிரித்தார்.

அதற்குப் பிறகு எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. தேடிப் படித்தேன். நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியை எரித்துத்தான் வருகிறது. அதனால் பேட்டரி ஆட்டோவுக்கும் கணக்கு உண்டு: ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஐம்பத்தேழு கிராம் கார்பன் டை ஆக்சைடு. அக்கா சொன்ன மைலேஜை வைத்துப் போட்டால் கேஸுக்கு எழுபத்தெட்டு, பெட்ரோல் ஆட்டோவுக்குத் தொண்ணூற்றிரண்டு. கேஸ் அவ்வளவு மோசமில்லை என்று சங்கத்தில் சொல்லிவிடலாம் என நிம்மதியாக இருந்தது.

கணக்கு எழுதிய தாளை முதலில் அக்காவிடம் காட்டினேன். ஆட்டோவில் சாய்ந்தபடி இரண்டு முறை படித்தார்.

“நான் கேஸ் போட பெருங்களத்தூர் போறேனே, அது இதுல எங்க?”

இரண்டு நாளுக்கு ஒருமுறை, போக வரப் பதினாலு கிலோமீட்டர், ஆள் இல்லாமல். அதே இரண்டு நாளில் அவர் ஓட்டும் சவாரி எண்பது கிலோமீட்டர். காலி ஓட்டத்தைச் சேர்த்ததும் எழுபத்தெட்டு, ஏறக்குறைய தொண்ணூற்றிரண்டாக ஏறியது. தெருமுனை பங்க்கில் போடும் பெட்ரோல் ஆட்டோவுக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. இதை எழுதினால் சவாரி திரும்பக் கிடைக்கவே கிடைக்காது, வேண்டாம் என்று கெஞ்சினேன்.

“அதுவும் என் வண்டி வுட்ற புகைதான? எய்து.”

எழுதினேன். பேட்டரி தயாரிப்பில் வரும் புகையும், கேஸ் வழியில் கசிவதும் இதில் சேரவில்லை என்றும் எழுதினேன்.

அடுத்த கூட்டத்துக்கு அக்காவையும் அழைத்துப் போனேன். சங்கச் செயலாளர் தோத்தாத்ரி சார் தாளைப் படித்துவிட்டு, இந்தக் காலி ஓட்டத்தை யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். நான் அக்காவைக் காட்டினேன்.

“உங்களுக்கே எதிரா இருக்கேம்மா?”

“ஓட்றது நான்தான சார்.”

பிறகு ஒருவர் பின் ஒருவராகப் பேசி முடிவெடுத்தார்கள். வண்டிதான் மாற வேண்டும், ஆள் மாற வேண்டாம். அக்கா பேட்டரி ஆட்டோ எடுக்கும்வரை பழைய வண்டியிலேயே பிள்ளைகளை அனுப்பிக் காத்திருப்பது, எங்கள் பார்க்கிங்கிலேயே சார்ஜ் போட இடம் தருவது. அப்படிச் செய்தால் காலி ஓட்டமும் இருக்காது.

ஆகஸ்டில் புது வண்டி வந்தது. பிள்ளைகளை அவர்தான் அழைத்துப் போகிறார். கைதட்டலுக்காக நான் பறித்த சவாரியை, தனக்கு எதிரான உண்மையைச் சொல்லி அவரே மீட்டுக்கொண்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். உங்கள் தெருவில் எந்த வண்டி நல்லது என்று பேச்சு வந்தால், தயவுசெய்து அங்கே சந்திரிகா அக்காவின் கதையைச் சொல்லுங்கள்.