வெள்ளைத் திரைக்குச் சாட்சி

ஆவுடையார்கோவில் இ-சேவை மையத்தில் விண்ணப்பங்களைக் கணினியில் பதிந்துகொடுக்கும் அம்மாவுக்கு விரலெல்லாம் ஊதா மை. எங்கள் கம்பெனி செய்த இணையதளம் விண்ணப்பத்தின் பாதியில் செத்து, வெறும் வெள்ளைத் திரையாக நிற்கிறதென்ற அவருடைய புகாரை விசாரிக்கப் போயிருந்தேன். ஒவ்வொரு முறையும் நேரம், பெயர், அழுத்திய பட்டன் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, விண்ணப்பிக்க வந்தவரின் கைரேகையும் வாங்கியிருந்தார்.

“சர்வர்ல ஒரு எரர்கூடப் பதிவாகலையே,” என்றேன்.

“இப்படிச் சொல்வீங்கன்னுதான் ரேகை வாங்குனேன். ‘கோளாறு, பொறுங்க’ன்னு ஒரு வரி காட்ட ஒங்களுக்கு என்ன கேடு சார்?”

என் மேலேயே ஆத்திரம் வந்தது. பிழைச் செய்தி அசிங்கமாக இருக்கிறதென்று மேலாளர் முகம் சுளித்தபோது, அதைத் திரையில் மறைத்ததோடு விடாமல், பிழைகள் பதிவாவதையும் நிறுத்தித் தொலைத்தவன் நான்தான்.

அந்த நோட்டைக் கேட்டேன்.

“போட்டோ எடுத்துக்கங்க. ஒங்ககிட்ட குடுத்தா இதுவும் காலியாயிரும்,” என்று விரித்துப் பிடித்தார். நான் படமெடுத்து முடிக்கும்வரை நோட்டிலிருந்து கையை எடுக்கவே இல்லை.