தாலிக்கொடியோடு வைலே வரை

ஏழு வருடமாக நான் கிரின்ஸ்டெட் பக்கம் போனதில்லை. தாய்மாமன் நான் இல்லாமலே மகளின் கலியாணத்தை நடத்திய அத்தான், அக்காவின் புருஷன், அங்கே இருக்கிறார். அதை நான் மறக்கவில்லை. மறக்கும் உத்தேசமும் இல்லை. போன மாதம் போனது அக்காவுக்காக. மார்பகப் பரிசோதனைக்கு வைலே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி அழைப்பு வந்திருந்தது. அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அத்தானுக்கு வேலையாம்.

சில்க்போர்க்கிலிருந்து கிரின்ஸ்டெட் ஒரு மணி நேரம். அங்கிருந்து வைலே நாற்பது கிலோமீட்டர். பஸ்ஸை நம்ப வேண்டாம். ஐம்பது முதல் அறுபத்தொன்பது வயது வரையான பெண்களை டேனிஷ் அரசு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தானாகவே அழைக்கிறது, செலவில்லை. அப்படியும் போகாமல் இருக்க நம் பெண்களிடம் ஆயிரம் காரணம்.

வைலேயில் பரிசோதனை அறைக்குள் போன அக்கா உடனேயே திரும்பி வந்தார், தோளில் பையோடு. பின்னால் வந்த தாதி என்னிடம் டேனிஷில் சொன்னாள்: சங்கிலியைக் கழற்ற வேண்டும், படத்தில் விழும்.

"தாலிக்கொடியைக் கழட்ட மாட்டன், தம்பி. வா, போவம்."

"போன முறை மெசின் பழுது எண்டு சொன்னனீங்கள்?"

"பொய்தான் சொன்னனான். அப்பவும் இதுக்குத்தான் திரும்பி வந்தனான். அவர் உயிரோட இருக்கேக்கை வெறுங்கழுத்தோட நிக்கிறதோ?"

எங்கள் அம்மா மார்பகப் புற்றுநோய் வந்து, அது பிந்தித் தெரிந்து, போய்ச் சேர்ந்தார். அது அக்காவுக்கும் தெரியும். தாதி மணியைப் பார்த்தாள். வெளியே அடுத்த பெண் காத்திருந்தாள். ஏழு வருடமாகத் தொடாத இலக்கத்தை அழுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தேன்.

"அத்தான், நான்."

"என்ன, இப்பதான் என்ர நம்பர் ஞாபகம் வந்ததோ?"

"அக்கா கொடி கழட்ட மாட்டாவாம். படம் எடுக்காமல் வரப்போறா."

"விசரி! கழட்டினால் நான் செத்துப்போவனோ? கழட்டி அவனிட்டைக் குடு. துலைச்சானெண்டால் பிறகு பாக்கிறன்."

அக்கா சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. கொடி என் கைக்கு வந்தபோது சூடாக இருந்தது. கதவு மூடியது. என் வீட்டுக்காரியின் நகையைக்கூட நான் அப்படி இறுக்கிப் பிடித்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, "இவ்வளவுதானோ?" என்றார். ஆனால் கொடியைத் தானே போட்டுக்கொள்ளவில்லை. கிரின்ஸ்டெட் வரை மடியில் வைத்திருந்தார். வாசலில் அத்தான் வாங்கிப் பூட்டிவிட்டார். கொக்கி மாட்ட வெகுநேரம் எடுத்தது. என்னை உள்ளே வா என்று அவர் சொல்லவில்லை. நானும் போகவில்லை.

போகிறவர்களுக்கு: அன்றைக்குப் பவுடர், டியோடரண்ட் பூசாதீர்கள். மேலும் கீழுமாக இரண்டு உடுப்பாகப் போங்கள், சேலை வேண்டாம். கொடி விஷயத்தை வீட்டிலேயே பேசி முடியுங்கள். ஆண்களே, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பதில் வந்துவிட்டது. இடது பக்கம் இன்னொரு தரம் பார்க்க வேண்டுமாம். திரும்ப அழைக்கப்படுகிற பலருக்கு ஒன்றும் இருப்பதில்லை என்று அக்காவிடம் சொன்னேன். எனக்கும் அதையேதான் சொல்லிக்கொள்கிறேன்.

இன்று அத்தான் லீவு போட்டுவிட்டு அக்காவைக் கூட்டிப் போயிருக்கிறார். சற்று முன் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது, ஒரு சொல்லும் இல்லாமல்: அவர் உட்கார்ந்திருக்கும் ஆஸ்பத்திரிக் கதிரை, அவருடைய உள்ளங்கை, அதில் கொடி.