சகாயமேரி அக்கா கொடுத்த லைன்

சகாயமேரி அக்கா இறந்துவிட்டார் என்று கம்மாபுரம் கலியபெருமாள் போன் செய்தபோது, கடையில் ஒருவருடைய மூக்குக் கண்ணாடிக்குத் திருகு முடுக்கிக்கொண்டிருந்தேன். எப்போது, எங்கே என்றெல்லாம் கேட்கவில்லை. "அதுவா?" என்றுதான் கேட்டேன். "அதுதான் மச்சான்" என்றார் கலியபெருமாள். அக்காவைத் தெரிந்த நாம் எல்லோருமே முதலில் அதைத்தான் கேட்டிருப்போம். இப்படிக் கேட்டதை அக்கா தப்பாக நினைத்திருக்க மாட்டார். விவரமாகக் கேட்கவில்லையே என்றுதான் குறைப்பட்டிருப்பார்.

அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இதயத்திலிருந்து வயிற்றுக்கு இறங்குகிற பெரிய ரத்தக் குழாய் எனக்கு ஓரிடத்தில் பலவீனப்பட்டு, பழைய சைக்கிள் ட்யூப் போலப் புடைத்திருக்கிறது. வலி கிடையாது. ஆனால் வெடித்தால் பிழைப்பது கடினம். அளவு கூடுகிறதா என்று அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கடலூரில் அப்படி ஒரு ஸ்கேனுக்குக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியிலிருந்த அம்மா, "வயித்துலயா, நெஞ்சுலயா?" என்று விசாரித்தார். என்னமோ எந்த ஊர் என்று கேட்கிற மாதிரி. அவர்தான் சகாயமேரி அக்கா. அவருக்கு நெஞ்சில். நுரையீரல் தாங்காது என்று அறுவை சிகிச்சையை டாக்டர்கள் கைவிட்டிருந்தார்கள். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அக்கா தொலைபேசி நிலையத்தில் வெளியூருக்குப் பேசுகிறவர்களுக்கு டிரங்க் கால் இணைத்துக் கொடுத்தவர். டிரங்க் கால் காலம் போன பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. ஸ்கேன் அறையிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் நம்மைப் போன்றவர்களைக் கண்டுபிடித்து நம்பர் வாங்கிக்கொள்வார். யாராவது கலங்கிப்போய்ப் பேசினால், "லைன்ல இரு, ஒருத்தரக் குடுக்கறேன்" என்று இன்னொருவரைக் கூப்பிட்டு இணைத்துவிடுவார். கலியபெருமாள் எனக்கு வந்தது அப்படித்தான். ஆபரேஷன் முடிந்து மறுபடி வயலுக்குப் போகிறவர். அவர் தழும்பைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அதுவரை சோறு இறங்காமலிருந்த எனக்குப் பசியே எடுத்தது. இணைத்த பிறகு அக்கா வாயே திறக்க மாட்டார், ஆனால் மூச்சு கேட்கும். ஒட்டுக் கேட்கிறீர்களா என்று ஒருமுறை கேட்டேன். "எக்ஸ்சேஞ்சுல கேக்கக் கூடாதுன்னுதான் ரூலு. கேக்காதவ எவ இருந்தா?" என்றார்.

பண்ருட்டியில் நடந்ததை உங்களில் பலர் அக்கா வாயால் கேட்டிருப்பீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். அங்கே பலா மண்டி வைத்திருப்பவர் ஒருவருக்கு இதே புடைப்பு புதிதாகத் தெரிந்து, மனிதர் இடிந்து போயிருந்தார். நானும் அக்காவும் போய்ப் பேசினோம். திரும்பும்போது அக்காவுக்குப் பெரிய பலாப்பழம் ஒன்றைக் கொடுத்து, மண்டி ஆளை விட்டு பஸ் ஸ்டாண்டில் இறக்கி வைக்கச் சொன்னார். எங்களை வழியனுப்ப அவரும் கூட வந்தார். ஆள் போய்விட்டான், பஸ் வந்துவிட்டது. அப்போதுதான் மூவருக்கும் உறைத்தது. கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர்கள் கண்டித்துச் சொன்ன மூன்று பேர், காலடியில் ஒரு பழத்தை வைத்துக்கொண்டு நிற்கிறோம்.

கண்டக்டர், "மூணு பேரு நின்னுகினு ஒரு பழத்தத் தூக்க மாட்டீங்களா?" என்று சத்தம் போட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அக்கா நிதானமாக, மூன்று பேருக்கும் ரத்தக் குழாய் எங்கே புடைத்திருக்கிறது என்று எங்களைத் தொட்டுக் காட்டி விளக்கினார். கண்டக்டரே பழத்தைத் தூக்கி உள்ளே வைத்தார். கடலூர் வரும்வரை பஸ்ஸில் கேள்விக்குப் பஞ்சமில்லை. கீரப்பாளையத்து அம்மா ஒருவர் தன் தம்பிக்கும் இதேதான் என்று சொன்னார். அக்கா இறங்குவதற்குள் அந்தத் தம்பியின் நம்பரையும் வாங்கிவிட்டார்.

வெளியே இவ்வளவு பேசிய எனக்கு வீட்டில் பேச வாய் வரவில்லை. என் மனைவி வசந்தி நான் தும்மினாலும் ஓடி வருவாள். டிவி சீரியலில் யாராவது செத்தால் உடனே சேனலை மாற்றிவிடுவாள். அவளும் கேட்க மாட்டாள், நானும் சொல்ல மாட்டேன். என் புடைப்பு வளர்ந்துவிட்டது, இனி காத்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகும் குறித்துக் கொடுத்த தேதியை ஏதோ சாக்கில் தள்ளிப்போட்டேன். போன மாதம் அக்காவிடம் பயமாக இருக்கிறது என்றேன். "பயம்னு மொத்தமாச் சொல்லாத தம்பி. எதுக்குன்னு சொல்லு, கேப்போம்" என்றார். ஆபரேஷன் அறைக்குள் நான் கண் விழிக்காமல் போனால் வராந்தாவில் வசந்தி தனியாக அல்லவா உட்கார்ந்திருப்பாள் என்றேன். போனில் அந்தப் பக்கம் அக்காவின் மூச்சு மட்டும் கேட்டது.

கடலூர் முதுநகரில் அடக்கம். குரலை மட்டுமே அறிந்தவர்கள் பலர் வந்திருந்தார்கள். "சிதம்பரம் கண்ணாடிக் கடையா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. திரும்பாமலே கலியபெருமாள் என்று தெரிந்துகொண்டேன். பெட்டியை மாதா கோயில் பையன்கள் சுமந்தார்கள். கனம் தூக்கக் கூடாத நாங்கள் கை கொடுக்க முடியாமல் ஒதுங்கி நின்றோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவின் மகள் ஷீலா எங்களிடம் வந்து, ஆம்புலன்சில் போகும்போதும் அம்மா, "இப்ப எவ்ளோ சைஸ் ஆயிருக்குன்னு கேளு" என்றுதான் சொன்னார் என்றாள். அழுதுகொண்டிருந்த எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, ஆபரேஷனுக்குத் தேதி வாங்கப் போகிறேன் என்று வசந்தியிடம் சொன்னேன். என் பயத்தையும் சொன்னேன். அவள் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

"நான் எங்க தனியா உக்காரப் போறேன்? கலியபெருமாள் அண்ணன் வீட்டம்மா எங்கூட வந்து இருக்கேன்னாங்க. பண்ருட்டிக்காரர் வீட்டுலயும் வர்றாங்க."

அவர்களை உனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"அக்காதான் லைன் குடுப்பாங்க. ரெண்டு வருசமா மத்தியானத்துல பேசிக்கினுதான் இருக்கோம். நீ கடைக்குப் போயிடுவ."

அக்கா எனக்கு விட்டுப்போனது இதுதான். இப்போது எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு நடக்கிறது. மத்தியானங்களில் என்ன பேசிக்கொண்டார்கள், எதற்கு அழுதாள், அக்கா என்ன சொன்னார் என்று தினமும் வசந்தியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறாள். அடுத்த வாரம் ஆபரேஷன். இன்னும் கேட்க நிறைய இருக்கிறது, அதனால் கண் விழிக்க வேண்டும் என்று இருக்கிறது.