செவ்வந்திக்கல்லைச் சுட்டவர்கள்

சென்ற மாதம் எங்கள் வீட்டில் ஒரு கல்லைச் சுட்டார்கள்.

ஆமாம், கல்லைத்தான். கத்திரிக்காயைச் சுடுவதுபோல் கரி நெருப்பில் வைத்து, ஊதுகுழலால் ஊதி ஊதிச் சுட்டார்கள். சுடச் சொன்னவர் என் பெரியப்பா. சுற்றி நின்று பார்த்தவர்கள் இருபது பேர். அவர்களில் நானும் ஒருத்தி... வாயே திறக்காத ஒருத்தி.

இந்தப் பக்கத்தில் எனக்குக் கோபமே வருவதில்லை என்று வாசகர்கள் சிலர் குறைபட்டு எழுதியிருந்தீர்கள். இந்த வாரம் அந்தக் குறை இருக்காது.

பல்லடம் தாண்டிக் காங்கேயம் போகும் வழியில் எங்களுக்கு ஒரு தோட்டம் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கிணற்றை ஆழப்படுத்த வெடி வைத்தபோது, பாறை இடுக்கிலிருந்து இரண்டு படிகங்கள் கிடைத்தன. ஒன்று கட்டைவிரல் பருமன். மற்றது அதில் பாதி. இரண்டும் ஆறு பக்கம் கொண்டவை. அடியில் வெளுப்பாகத் தொடங்கி, மேலே போகப் போக நிறம் ஏறி, நுனியில் நல்ல ஊதா. செவ்வந்திக்கல். கடைக்காரர்கள் அமெதிஸ்ட் என்பார்கள்.

அக்காவுக்கு நிச்சயம் என்று முடிவானதும், அப்பா பீரோவைத் திறந்து பெரிய படிகத்தை எடுத்தார். "நம்ம பூமியில வெளஞ்சது. மாப்பிள்ளைக்கு மோதரத்துல வெச்சுக் குடுத்தர்லாம்" என்றார்.

உக்கடத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் கல் பட்டை தீட்டுகிறவர் காசிம் பாய். படிகத்தின் நுனியை அறுத்து, வேர்க்கடலைப் பருப்பளவுக்கு ஓர் ஊதாக் கல்லை அவர் தீட்டிக் கொடுத்தார். அறுத்த மிச்சத்தையும் ஒரு பொட்டலமாக மடித்து நீட்டினார். "இதெல்லாம் எதுக்குங்க பாய்?" என்று அப்பா கேட்டார்.

"கல்லு உங்களுதுங்க. தூசி மட்டும்தான் என்னுது."

இப்படிச் சொன்ன மனிதரைத்தான்...

இருங்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

நிச்சயத்துக்கு முதல் நாள் மாலை. உறவினர்கள் கூடத்தில் நிறைந்திருந்தார்கள். மோதிரத்தில் கல்லைப் பதிக்க வந்த பத்தர் கரிச்சட்டியும் குறடுமாக ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். பெரியப்பா சிங்காநல்லூரில் மோட்டார் பம்ப் பட்டறை நடத்துகிறவர். சோதித்துப் பார்க்காமல் ஒரு போல்ட்டைக்கூட வெளியே அனுப்பமாட்டார். கல்லை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்தார்.

"ஏனுங்க பத்தரே, இது அசல்தானுங்களா?"

"பாத்தா அசலாட்டந்தான் தெரியுதுங்க."

"தெரியறது வேற, இருக்கறது வேற. நெருப்புல போடுங்க. அசல்னா தாங்கோணும்."

"வேண்டாமுங்க. சில கல்லு சூடு தாங்காதுங்க."

"தாங்காட்டி அது என்ன கல்லுங்க? முட்டாயா?"

கூடம் சிரித்தது. சிரிப்புக்கு எதிராக யார் பேசுவார்கள்? பத்தர் ஊதுகுழலை எடுத்தார். கல்லைக் கரியில் வைத்து ஊதினார்.

ஊதா எங்கள் கண்முன்னேயே இறங்கியது. மலிவு விலைச் சேலையிலிருந்து சாயம் போவதைப் போல. குறடால் வெளியே எடுத்தபோது, தண்ணீர் கலந்த வரக்காப்பி நிறத்தில் ஏதோ ஒன்று இருந்தது.

"பாத்தீங்களா? சாயம்! பாய் கல்லை மாத்திப்போட்டாரு" என்றார் பெரியப்பா. "அவுங்களை நம்பிக் குடுத்தா இப்படித்தான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஒருவர் செய்ததாகச் சொல்லப்படும் குற்றம் — அதுவும் செய்யாத குற்றம் — அரை நிமிடத்தில் எப்படி ஒரு சமூகத்துக்கே சொந்தமாகிவிடுகிறது? இதற்குப் பதில் தெரிந்தவர்கள் எனக்கு எழுதலாம்.

போன் போயிற்று. ஒரு மணி நேரத்தில் காசிம் பாய் தம்முடைய டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்துவிட்டார். உட்காரச் சொல்ல ஆள் இல்லை. கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நான் தீட்டின கல்லுதானுங்க. என்ற பட்டை எனக்குத் தெரியாதுங்களா?"

"பட்டை உன்னுதுதான். கல்லு யாருதுன்னுதான் கேக்கறேன்."

பேருந்தில் காலை மிதித்தவரிடம்கூட 'ஏனுங்க, கொஞ்சம் பாத்துங்க' என்று சொல்லும் ஊர் இது. பெரியப்பாவின் பேச்சிலிருந்து அன்று அந்த மரியாதை உதிர்ந்துபோனதை நான் கவனித்தேன். கவனித்ததோடு சரி.

"இதைச் சுட்டீங்களா?" என்றார் பாய். "சுட்டா நெறம் போயிருமுங்க. எந்தக் கல்லுக்கடையில வேணா கேளுங்க."

"உங்க ஆளுக கடையிலயா?"

மறுபடியும் சிரிப்பு. பாய் பத்தரைப் பார்த்தார். பத்தர் தம் குறடுகளை அளவு வாரியாக அடுக்குவதில் மும்முரமாக இருந்தார். பாய் கல்லை மேசைமேல் வைத்துவிட்டு, அம்மா கொண்டுவந்து வைத்திருந்த தண்ணீரைத் தொடாமல் இறங்கிப் போனார்.

மறுநாள் வேறொரு மோதிரத்தோடு நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. எனக்குத்தான் முடியவில்லை.

திங்களன்று கல்லூரி நூலகத்தில், இலக்கிய மாணவி யாரும் எட்டிப்பார்க்காத புவியமைப்பியல் அலமாரிக்குப் போனேன். புரியாத சொற்களை ஒரு நோட்டில் எழுதி, அகராதியை வைத்துக்கொண்டு மூன்று நாள் படித்தேன். படிக்கப் படிக்கக் கோபம் தெளிவாயிற்று.

செவ்வந்திக்கல் என்பது குவார்ட்ஸ். ஒரு சிலிக்கான் அணு. அதைச் சுற்றி நான்கு மூலைகளில் நான்கு ஆக்சிஜன். ஒவ்வொரு ஆக்சிஜனும் பக்கத்துச் சிலிக்கானுக்கும் பங்காளி. இப்படிக் கைகோத்துக்கொண்டே இந்த அடுக்கு சுருள்படிக்கட்டுபோல் வளைந்து ஏறுகிறது. அந்த ஒழுங்குதான் வெளியே ஆறு பக்கமாகவும் கூர்நுனியாகவும் தெரிகிறது. கிணற்றிலிருந்து வந்த படிகத்துக்கு ஆறு பக்கத்தை யாரும் செதுக்கித் தரவில்லை. உள்ளே எப்படியோ, வெளியேயும் அப்படி.

பூமிக்கடியில், மணற்சத்து கரைந்த வெந்நீர் பாறை வெடிப்புக்குள் புகுந்து, மெல்ல ஆறி, ஒவ்வோர் அணுவாகப் படிந்ததில் பிறந்தது இது. வளரும்போது இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிலிக்கானின் இடத்தில் இரும்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்போதும் ஊதா வருவதில்லை. சுற்றியுள்ள பாறையிலிருந்து மிக மெல்லிய கதிர்வீச்சு கசிந்துகொண்டே இருக்க வேண்டும். லட்சக்கணக்கான ஆண்டுகள் அந்த இரும்பைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பிறகே ஊதா.

அந்த நிறத்தை அழிக்க எவ்வளவு நேரம் வேண்டும்? கரியடுப்பு இருந்தால் கால் மணி நேரம். நல்ல சூட்டில் செவ்வந்திக்கல் வெளுக்கும், அல்லது மஞ்சளாகும். அது அதன் இயல்பு.

இன்னொன்றையும் படித்தேன். ஊதாக் கண்ணாடியைச் சுட்டிருந்தால், ஓரம் வேண்டுமானால் உருகி மழுங்கியிருக்கும். நிறம் எளிதில் போயிருக்காது. அதாவது, காசிம் பாய் உண்மையிலேயே ஏமாற்றிக் கண்ணாடியைக் கொடுத்திருந்தால் பெரியப்பாவின் சோதனையில் தேறியிருப்பார். அசலைக் கொடுத்ததால் திருடனாகிவிட்டார்!

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தபோது, பீரோவிலிருந்த சின்னப் படிகத்தை அப்பாவிடம் கேட்டு வாங்கினேன். எங்கள் கிணற்றிலிருந்து வந்தது, வீட்டைத் தாண்டாதது, பாயின் கை படாதது. அதன் நுனியில் ஒரு சில்லு உடைத்து, பழைய இரும்புக் கரண்டியில் வைத்து, கேஸ் அடுப்பில் பிடித்தேன். பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

சில்லு வெளுத்தது. அதே வரக்காப்பி நிறம்.

"இப்ப என்னங்க பெரியப்பா சொல்றீங்க?"

அவர் நிதானமாகக் கரண்டிக்குள் பார்த்தார்.

"அப்ப நம்ம கெணத்துக் கல்லே மட்டமுன்னு சொல்லு."

பாயிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாமா என்றேன். "வயசென்ன, பேச்சென்ன! சரி, மனசுல ஒண்ணும் வெச்சுக்க வேண்டாமுன்னு அவருகிட்டச் சொல்லிப்போடு கண்ணு" என்றார். அம்மாவும் சேர்ந்துகொண்டாள்: "விடு அம்மணி, நல்ல காரியம் நடக்கற ஊடு."

தனியாகவே உக்கடம் போனேன். பகல் பதினொரு மணிக்குக் காசிம் பாயின் சாணைச் சக்கரம் ஓடாமல் நின்றிருந்தது. அவருக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த நகைக்கடைகளில் மூன்று கடைகள் கல் அனுப்புவதை நிறுத்திவிட்டன. எங்கள் கூடத்துக் கதை அவரைவிட வேகமாகக் கடைவீதிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கொண்டுபோனவர் குறடு அடுக்கியவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்குச் சாட்சி இல்லை. சாட்சி இல்லாமல் ஒருவரைச் சொல்வது எப்படிப்பட்ட வேலை என்பதை இப்போதுதான் பார்த்திருக்கிறேன்.

அடுப்பில் சில்லை வெளுத்துக் காட்டியதைச் சொல்லி, பெரியப்பா சார்பில் மன்னிப்புக் கேட்டேன். பாய் தலையசைத்தார்.

"நீங்க கேட்டதுல சந்தோசமுங்க அம்மணி. ஆனா திருடன்னு சொன்னப்ப இருவது பேரு இருந்தாங்க. இல்லைன்னு சொல்றப்ப நானும் நீங்களும் மட்டும் இருந்தா எப்படிங்க?"

அதைப் பெரியப்பாவிடம் அப்படியே சொன்னேன். "கூட்டம் போட்டு மன்னிப்புக் கேக்கோணுமாக்கும்?" என்று எழுந்து போய்விட்டார்.

கூட்டம் போட எனக்கு வசதியில்லை. இந்தப் பக்கம் இருக்கிறது.

காசிம் பாய் கல்லை மாற்றவில்லை. நாங்கள் கொடுத்த கல்லையே தீட்டித் திருப்பிக் கொடுத்தார். அதைச் சுட்டுக் கெடுத்தவர்கள் நாங்கள். அசலாக இருந்ததால்தான் அது வெளுத்தது. அன்று இதைச் சொல்ல எனக்கு விஷயம் தெரியாது. ஆனால், 'நிறுத்துங்கள்' என்று சொல்ல விஷயம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்த வகையில் இருபது பேரில் நானும் சேர்த்தி.

இந்த இதழில் இருபது பிரதிகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பெரியப்பாவுடையதை நானே கொண்டுபோய்ப் படித்துக் காட்டுவேன்... சத்தமாக, அவருடைய பட்டறையில் ஆட்கள் எல்லோரும் இருக்கும் நேரம் பார்த்து.