கிணற்றுக்குள் வந்த கடல்

எங்கள் தோட்டத்திலிருந்து கடலுக்கு வண்டி கட்டினால் நாலைந்து நாளாவது ஆகும். அந்தக் கடலைப் பத்து ஆள் ஆழக் கிணற்றுக்குக் கொண்டுவந்து வைத்த பெருமை என்னுடையது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மழை ஏமாற்றிய ஒரு வருடம். சோமனூருக்குத் தெற்கே எங்கள் கம்போடியா ரகப் பருத்தி பூவும் பிஞ்சுமாக நின்றது. கிணற்றில் அடிப்பாறை தெரிந்தது. பாறையை வெடி வைத்து உடைத்து ஆழப்படுத்த ஒரு மேஸ்திரியும் நான்கு ஆட்களும் வந்தார்கள். எட்டு நாளில் ஊற்று கிடைக்காவிட்டால் பருத்தி அவ்வளவுதான் என்று அய்யன், என் அப்பா, சொல்லிவிட்டார்.

எனக்கு அப்போது கல்யாணமாகி ஆறு மாதம். ராமேசுவரம் போய் வந்திருந்த திமிர் வேறு. மத்தியானச் சோற்று வேளையில் ஆட்களிடம் அளப்பேன்: நம் கிணறுகளுக்கெல்லாம் அடியில் கடலுக்கு வழி இருக்கிறது, கன்னிமார் சாமிகள் ஏழு பேரும் அந்த வழியாகத்தான் குளிக்கப் போகிறார்கள். மேஸ்திரி, "நாப்பது கிணறு வெட்டியாச்சுங்க. ஒரு கன்னியும் எட்டிப் பாக்கலீங்க" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு என்னை உறுத்தியது. மறுநாள் அவர்கள் சாப்பிடும்போது இறங்கி, ராமேசுவரத்தில் வாங்கிய சங்கு ஒன்றை வெடித்த குழியில் செருகிவிட்டு வந்தேன்.

சங்கைக் கண்ட மேஸ்திரி சிரிக்கவில்லை. ஐந்து பேரும் மேலே ஏறினார்கள். கடப்பாறைகளைக் கீழே போட்டார்கள். கற்பூரம் கொளுத்தினார்கள்.

"கன்னிமாரு எச்சரிக்கை குடுத்திருக்காங்க. இன்னொரு வெடி வெச்சா கடலு பொங்கி ஊரையே மூடிப்போடுமுங்க."

இரண்டு நாள் போயிற்று. அய்யன் பருத்தி இலையைக் கசக்கிப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். மூன்றாம் நாள் காலையில் என் மனைவி கேட்டாள்: "ஏனுங்க, நம்ம சங்கு ரெண்டுல ஒண்ணைக் காணோமுங்களே?"

என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. "போய்ச் சொல்லிப்போடுங்க" என்று மற்ற சங்கை என் கையில் திணித்தாள்.

மேஸ்திரியிடம் நடந்ததைச் சொல்லி, சாட்சியாக அதை நீட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்கிருந்து வந்ததுங்க?"

"கடல்ல இருந்து."

"அப்ப அதுவும் கடல்ல இருந்து வந்ததுதானுங்களே? பருத்தி காயுதுன்னு சாமி காரியத்துல பொய் சொல்றீங்களே, சின்னவரே!"

பொய்க்குப் பேர்போனவன் வாழ்நாளில் ஒரு முறை உண்மையைச் சொன்னால் இதுதான் கதி. கடைசியில் ஒரு வழி சொன்னார். நானே இறங்கி முதல் கடப்பாறை போட வேண்டும். ஊறி வரும் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்து, ஒரு வாளி மேலே கொண்டுவர வேண்டும். உப்புக் கரிக்காவிட்டால் வேலை தொடரும்.

கூடையில் என்னை இறக்கினார்கள். மேலே வானம் ஒரு தட்டளவு சுருங்கியதும் நான் அளந்த கதைகளெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. இருட்டு மூலையில் ஏழு பேர் நிற்பதுபோல் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கடப்பாறையைப் போட்டேன். பாறை இடுக்கில் குபுகுபுவென்று சத்தம். கணுக்காலில் குளிர்ந்த தண்ணீர். வாளியில் மொண்டு ஒரு வாய் குடித்தேன்.

உப்பு!

"உப்பு! கடலு! இழுங்க!" என்று அலறினேன்.

மேலே வந்தபோது ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அய்யன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். என் மனைவி மட்டும் என் முகத்தையே பார்த்தாள். முந்தானையால் என் கன்னத்தையும் வாயையும் அழுத்தித் துடைத்தாள்.

"அழுதுபோட்டீங்களா?" என்றாள் மெதுவாக.

பதிலுக்குக் காத்திராமல் வாளியைக் கொண்டுபோய்ச் கிணற்றிலிருந்து தோல்சாலில் தண்ணீர் இழுக்கும் எருதின் முன்னால் வைத்தாள். எருது மோந்தது. பிறகு அது மூக்கைத் தண்ணீரில் புதைத்தது. வாளியின் அடி தெரியும்வரை நிமிரவில்லை.

"கடல்தண்ணிய மாடு குடிக்குமாங்க, மேஸ்திரி?"

மேஸ்திரி எருதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூட்டையை அவிழ்த்தார். அதிலிருந்து மூன்றாம் நாள் சால் முழுகும் அளவுக்குத் தண்ணீர் ஊறி, இறைத்தோம். பருத்தியில் முக்கால்வாசி பிழைத்தது.

கிணற்றில் கிடைத்த சங்கை மட்டும் மேஸ்திரி திருப்பித் தரவில்லை. வேலியோரம் இருந்த கன்னிமார் கல்லடியில் வைத்துவிட்டார். ஆடிப் பதினெட்டு வந்தால் அதற்குக் கற்பூரம் காட்டுவது என் வேலை என்று அய்யன் உத்தரவு. இன்றைக்கும் காட்டுகிறேன். அது நான் வாங்கிய சங்குதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் முதுகைக் காட்டித் திரும்ப மாட்டேன். பின்பக்கமாகவே நடந்துதான் வருவேன்.