காக்காவின் பேரில் இருந்த கணக்கு

எந்தப் பொருளைப் படமெடுத்தாலும் ஸில்மியா தன் விரல்களை மட்டும்தான் காட்டுவாள். ஆறு வருடமாக மருதமுனை வீட்டிலிருந்தபடி இணையத்தில் பொருட்களைப் பற்றி எழுதி, அவற்றை வாங்கும் லிங்கையும் போட்டு வந்தாள். அதன் வழியாக யாராவது வாங்கினால் வெளிநாட்டுக் கம்பனி கமிஷன் தரும். கணக்கு மட்டும் அவள் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் நளீமின் பேரில் இருந்தது.

இப்படி லிங்க் வழியாக நடக்கும் விற்பனைக்கு அரசாங்கம் வரி போடப் பார்த்தது. போட்டால் இந்த நாட்டவர் எல்லோரையும் கமிஷன் திட்டத்திலிருந்து நீக்கிவிடுவதாகக் கம்பனி அறிவித்தது. இதே தொழில் செய்யும் பக்கத்து வீட்டுப் பரீனா எதிர்ப்பு மனுவோடு வந்தாள்.

“கையெழுத்துப் போடு புள்ள.”

“என்ட பேரு அரசாங்கக் கச்சேரியெல்லாம் திரியோணுமா, ராத்தா? காக்கா போடுவார்.”

“ஓம், ஒழைக்கிறது நீ, கையெழுத்து அவரா!”

நளீம்தான் போட்டார். மனு மீதான விசாரணைக்கும் அவரையே கூப்பிட்டார்கள். இந்த வருமானத்தில்தான் குடும்பம் நடக்கிறதா என்று அதிகாரி கேட்டார். தங்கச்சியின் உழைப்பில் அடுப்பெரிகிறது என்று நாலு பேர் முன்னால் சொல்ல நளீமுக்கு வெட்கமாக இருந்தது.

“சும்மா பொழுதுபோக்குத்தான் சேர்,” என்றார்.

கூடப் போயிருந்த பரீனா சொல்லித்தான் ஸில்மியாவுக்கு அது தெரிந்தது. வரி வந்தது. கம்பனி கணக்கை மூடியது. அவளுடைய விரல்கள் இருக்கும் படங்கள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன. கீழேயுள்ள லிங்குகள் எதுவும் இப்போது வேலை செய்வதில்லை.