சந்தனம் வைத்த கார்ட்

கால் புண் சீழ் வைத்து என் வீட்டுக்காரர் மாத்தளை ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு ஊசி மருந்து அங்கே இல்லை. "வெளியில வாங்கிட்டு வாங்க. பன்னிரண்டு மணிக்கு முன்னாடி போடணும்" என்று டாக்டர் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அப்போதே பதினொன்று தாண்டிவிட்டது.

கையில் பஸ் காசு மட்டும். மற்றதெல்லாம் கார்ட்டில்.

எனக்கு பேங்கில் கணக்கு இல்லை. திறக்கப் போனேன். விலாசத்துக்கு ஒரு பில் கேட்டார்கள். தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவுக்கு ஏது பில்? கரண்ட் பில்லும் தோட்டத்துப் பேரில். இரண்டு முறை அலைந்து விட்டுவிட்டேன். அலுவிகாரையில் நான் மிளகு புடைக்கும் ஸ்டோரில் இந்தக் கார்ட்டைக் கொடுத்தார்கள். கணக்கு வேண்டாம், சம்பளத்தை இதற்குள் போடுவோம், போட்டது தீரும் வரை கடைகளில் கொடுக்கலாம் என்றார் கிளார்க். இதுதான் முதல் சம்பளம்.

பார்மசிக்கு ஓடினேன். கடைக்கார முஸ்லிம் நானா ஊசி மருந்தை எடுத்து வைத்தார். கார்ட்டை மெசினில் செருகினார். மெசின் கத்தியது. மறுபடி செருகினார். மறுபடியும் கத்தியது.

"காசு இருக்கா தங்கச்சி?"

"இருக்குங்க நானா. நேத்துதான் போட்டாங்க."

போனில் வந்த மெசேஜைக் காட்டினேன். அவர் கார்ட்டை முகத்துக்குக் கிட்டே கொண்டு போனார்.

"இது என்ன, மஞ்சளும் செவப்புமா ஒட்டியிருக்கு?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெள்ளிக்கிழமை அதைச் சாமித் தட்டில் வைத்துக் கும்பிட்டேன். புதுச் சாமான் எது வந்தாலும் எங்களுக்கு அப்படித்தான். மினுங்குகிற சின்னச் சதுரத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அதுதான் அதன் நெற்றி என்று நினைத்தேன்.

"சந்தனம், குங்குமங்க" என்றேன்.

பின்னால் நின்ற பெரியவர், "நல்ல வேளை, அது மேல தேங்கா ஒடைக்கல" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றே முக்கால். சேலைத் தலைப்பால் தேய்க்கப் போனேன். நானா மறித்தார்.

"பொறுங்க, பொறுங்க. கீறிடுவீங்க. மெசின் பாக்கிறதே அந்த எடத்ததான்."

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தார். பஞ்சு சிவந்தது. மெதுவாகத்தான் துடைத்தார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. செருகினார். கத்தவில்லை. நம்பரை அழுத்தச் சொன்னார். அவசரத்தில் ஒரு எண் தப்பியது. அழித்துவிட்டு மறுபடி அழுத்தினேன். ரசீது வந்தது.

"இனிமே சாமிக்குப் பக்கத்தில வைங்க. மேல ஒண்ணும் பூசாதீங்க."

தலையாட்டிவிட்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரி வாட்டில் நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. ஊசியை ஏற்றினாள். வீட்டுக்காரர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.